படிக்கட்டில் ஒரு கால்

ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் செத்துப்போவதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? நெட்டை பன்னிரண்டு நாளாய் அழுததில் பாதி அந்த ஆத்திரத்தில்தான். மீதிப் பாதி அக்காவுக்காக. எது எந்தப் பாதி என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவள் நெட்டை. அவளோடு ஜோடி சேர்ந்து இருபத்தோரு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள் ரேடியோ. நெட்டையைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் அவளுக்கு அக்கா; ஆனால் ஒரு முழம் குட்டை. இப்படி ஒரு ஜோடியைப் புத்தியுள்ள எந்த சூப்பர்வைசரும் சேர்க்க மாட்டார். விரிப்பு மடிப்பவர்கள் இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு முனை தரையைக் கூட்டும். ஆனால் அன்றைக்கு இருந்த சூப்பர்வைசருக்கு ரேடியோ வாயை மூடுவதில்லை என்று ஒரு கோபம், நெட்டை வாயைத் திறப்பதில்லை என்று ஒரு கோபம். இரண்டையும் எதிரும் புதிருமாக நிறுத்தி வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தார். ரேடியோ மறுநாளே மருந்துப் பெட்டி வந்த மரப்பலகை ஒன்றை இழுத்துவந்து போட்டாள், அதன்மேல் ஏறி நின்றாள், "இப்ப யாரு குட்டை?" என்று அவரையே கேட்டாள். அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

வேலை என்னவோ சுலபந்தான், பார்க்கிறவர்களுக்கு. சுவர் அகலத்துக்கு ஒரு ரோலர். ஈர விரிப்பு இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் சுடச்சுட வழவழவென்று வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருத்தி நடந்துபோய் தன் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, இழுத்து நேராக்கி, மறுபடி போய்க் கொடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு சந்திப்பு. ரேடியோ பலகையை விட்டு இறங்க முடியாது என்பதால் இருபத்தோரு வருஷமும் நடந்தது நெட்டைதான். "கேக்கிறவ வரணும், சொல்றவ நிக்கணும். அதுதானேடி மரியாதை?" என்பாள் ரேடியோ.

சொல்வது என்றால், அந்தச் சந்திப்பில்தான் சொல்ல முடியும். ரோலர் போடுகிற கூச்சலில் நாலடி தள்ளி நின்று இடி விழுந்தது என்று கத்தினாலும் கேட்காது. முகத்துக்கு முகம் வருகிற அந்த இரண்டு விநாடியில் ஐந்தாறு வார்த்தை. அப்புறம் நெட்டை பின்னால் போயாக வேண்டும். "கிணத்துல தண்ணி எவ்வளவுன்னு பார்க்கக் குனிஞ்சேன்" என்பாள் ரேடியோ. நெட்டை பின்னால் போவாள். உதறுவாள். மனசு கிணற்றடியிலேயே நிற்கும். ஓடாத குறையாகத் திரும்பி வருவாள். "யாரோ பின்னாலேர்ந்து கையை வச்சாங்க." மறுபடி பின்னால்! இந்தச் சித்திரவதைக்கு நாளைக்கு முந்நூறு விரிப்பு. மற்ற ஜோடிகளைவிட இவர்கள் ஐம்பது விரிப்பு கூடுதலாக மடிக்கிறார்களே, எப்படி என்று புது சூப்பர்வைசர் கேட்டார். நெட்டை என்ன பதில் சொல்வாள்? அடுத்த வரி கேட்கிற அவசரம் என்றா சொல்ல முடியும்?

சும்மா சொல்லக்கூடாது, ரேடியோவின் வாழ்க்கையில் நடக்காததே இல்லை. கிணற்றில் விழுந்திருக்கிறாள். பாம்பு கடித்துப் பிழைத்திருக்கிறாள். கப்பலில் போய் ஆறு நாள் கரை காணாமல் கிடந்திருக்கிறாள். லிஃப்டில் ஒரு கல்யாண மாப்பிள்ளையோடு மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு, வெளியே வந்தபோது அவன் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஒரே மனுஷிக்கு இவ்வளவா நடக்கும் என்று நெட்டைக்குச் சில நாள் தோன்றும். கூட்டிப் பார்த்தால் வயசு இடிக்கும். ஆனால் கூட்டிப் பார்க்க எங்கே நேரம்? அடுத்த விரிப்பு வந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் ரேடியோவுக்கு உண்டு. வார்டிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளில் துணி மட்டுமா வரும்? மூக்குக்கண்ணாடி வரும், பல்செட்டு வரும், காது மெஷின் வரும். ஆபீஸ் பெட்டியில் போட்டு எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. ரேடியோவுக்கு விதியாவது ஒன்றாவது! சாப்பாட்டு இடைவேளையில் பல்செட்டைக் கழுவி, சுத்தமான துண்டில் சுற்றி, மாடி மாடியாக ஏறுவாள். கட்டில் கட்டிலாக நின்று, "இது யாரு பல்லுங்க?" என்று கேட்பாள். பல்லை இழந்தவர் வெட்கத்தில் கையைத் தூக்க மாட்டார். ரேடியோவே வாயைப் பார்த்துக் கண்டுபிடித்து, மாட்டிவிட்டு, அங்கேயே கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். வேலை மணி அடித்தபிறகுதான் மூச்சு வாங்க இறங்கி வருவாள்.

இனி நெட்டையின் வீட்டு விஷயம். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

நெட்டைக்கு ஒரே மகள். கணவர் இறந்து ஆறு வருஷம். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாப்பிள்ளை வாய் நிறைய "அத்தை, அத்தை" என்று கூப்பிடுகிறவர். அந்த மகள் ஒரு சாயங்காலம் பெட்டியோடு வந்து நின்றாள். "கொஞ்ச நாள் இருக்கேம்மா" என்றாள். நெட்டை பெட்டியை உள்ளறையில் வைக்கவிடாமல் வாசல் கதவோரம் வைத்தாள். உள்ளே போனால் பெட்டி காலியாகும், காலியானால் அது இருக்க வந்த பெட்டி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். மகள் தினமும் குனிந்து அதிலிருந்தே ஒரு உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாடிப்படியில் எதிர்ப்படுகிற அக்கம்பக்கத்தார், "பொண்ணு இன்னும் கிளம்பலையா?" என்று விசாரித்தார்கள். விசாரிக்கிறவர்களின் மூக்கு வியர்ப்பது நெட்டைக்குத் தெரியாதா என்ன? அவளும் தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகளிடம் அதையே கேட்டாள்: "எப்ப கிளம்புற?"

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை, விரிப்பின் இரண்டாம் மடிப்பில் நெட்டை ரேடியோவிடம் சொன்னாள்: "மக வந்திருக்கா. பெட்டியோட."

ரேடியோ விரிப்பை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரிப்புக்கும் சொல்லவில்லை. அன்று முழுக்க ரேடியோ பாடவில்லை என்று டிரையர்காரர்கூடக் கேலி செய்தார்.

மறுநாள் முதல் விரிப்பிலேயே ஆரம்பித்தாள்.

"நானும் ஒரு நாள் கிளம்பினேன்டி."

நெட்டை பின்னால் போனாள். வந்தாள்.

"பச்சைப் பெட்டி. மூடி நிக்காது, கயித்தால கட்டினேன்."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள் அந்த ஒரே கதை. விடியற்காலையில் எழுந்தது, கணவன் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று வாசலில் நின்று கேட்டது, தெருமுனை பால்காரருக்குக்கூடத் தெரியாமல் சுற்றுவழியாகப் போனது, பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஏன் கிளம்பினாள் என்று மட்டும் சொல்லவில்லை. நெட்டையும் கேட்கவில்லை, கேட்டால் இரண்டு சந்திப்பு வீணாகும். வெள்ளிக்கிழமை கடைசி விரிப்பு வந்தது.

"பஸ்ஸு வந்துச்சு. பெட்டியை உள்ள வச்சேன்."

நெட்டை பின்னால் போய் உதறி, மடிப்பைக்கூட நேராக்காமல் ஓடிவந்தாள்.

"படிக்கட்டுல ஒரு கால வச்சேன் பாரு..."

மணி அடித்துவிட்டது. ரோலர் நின்றது. "அக்கா, முடிச்சிட்டுப் போக்கா!" என்று நெட்டை கெஞ்சினாள். ரேடியோ பலகையிலிருந்து இறங்கி, ஏதோ யோசனையாய் அவளைப் பார்த்தாள். "இதுக்கு மேல எனக்கே சரியாத் தெரியலடி. திங்கக்கிழமை சொல்றேன்" என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் உயிர் போயிற்று. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

அதன்பிறகு நெட்டைக்கு எதிரே வேறொருத்தி நின்றாள். உயரமான பெண். பலகையே தேவைப்படவில்லை, வேலை கச்சிதம். முகத்துக்கு முகம் வரும்போது அவள் ஒன்றும் பேச மாட்டாள், விரிப்பை வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு முறை நடந்து போகும்போதும் நெட்டையின் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரும். அக்கா, அந்தக் காலை உள்ளே எடுத்து வைத்தாயா, கீழே இறக்கினாயா? முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனோடு வாழ்ந்திருக்கிறாய், அப்படியானால் இறங்கியிருக்கத்தான் வேண்டும். எது இறக்கியது? இறங்கியது நல்லதுக்கா, கெட்டதுக்கா?

இது வெறும் ஊர்க்கதை கேட்கிற ஆவல் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாரம் மாப்பிள்ளை போன் செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை. நீங்க சொன்னா அவ கேப்பா." நெட்டையும் சரி என்றுவிட்டாள். மகள் அதைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் முதுகைக் காட்டி நின்றாள். அக்கா அந்தக் கதையைத் தனக்காகத்தான் எடுத்தாள் என்பது நெட்டைக்குத் தெரியும். முடிவு தெரிந்தால் மகளை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது தெரிந்துவிடும். தெரியாமல் அனுப்பி, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக ரேடியோவின் வீட்டுக்குப் போனாள்.

ரேடியோவின் கணவர் பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. "அஞ்சு பத்துக்கு வந்திருக்கே. உக்காரும்மா" என்றார். வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நெட்டை அதைச் சொல்லாமல் குடித்தாள்.

எப்படி ஆரம்பிப்பது? உங்கள் பெண்டாட்டி உங்களை விட்டு ஓடப் பார்த்தாளே என்று ஒருவரிடம் கேட்க முடியுமா? நெட்டை சுற்றி வளைத்து, மென்று முழுங்கி, ஒருவழியாகப் பச்சைப் பெட்டிவரைக்கும் சொல்லி முடித்தாள்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார்.

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுதான் அண்ணே. தண்ணிக் குழா பக்கத்துல பெஞ்சு."

"அது என் கூண்டுக்கு நேர் எதிர். ஏம்மா, வீட்ட விட்டு ஓடுறவ, புருஷன் உக்காந்திருக்கிற இடத்துக்கா வந்து பஸ் ஏறுவா?"

நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, ஆமாம்! நாலு நாள் கேட்டும் இந்தச் சின்ன விஷயம் தன் மரமண்டைக்கு எட்டவில்லையே!

"அவ எங்கேயும் போனதில்லம்மா" என்றார் அவர்.

"பாம்பு கடிச்சது?"

"அது எட்டாம் வார்டுல ஒரு பெரியவருக்கு."

"கிணத்துல விழுந்தது?"

"யாரோ ஒரு அம்மா. பல்லு காணாம போன அம்மா."

"கப்பலு?"

"அவளுக்கு ஆத்துப் பாலத்துல நின்னாலே தலை சுத்தும்."

"அப்ப ஏன் அண்ணே எல்லாத்தையும் நான், நான்னு சொன்னாங்க?"

"நானும் கேட்டேன். நீ பக்கத்துல வர்றது ரெண்டே தடவையாம். அதுக்குள்ள மூணாவது மாடி, ஏழாம் நம்பர் கட்டில், அந்தம்மாவோட நாத்தனாரோட மருமகன்னு ஆரம்பிச்சா, ஆள் யாருன்னு சொல்றதுக்குள்ள ஷீட்டு முடிஞ்சிடுமாம். நான்னு ஆரம்பிச்சா உடனே கிணத்துல குதிச்சிடலாம் பாருங்கன்னா." சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

நெட்டைக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அக்காவைப் பாம்பு கடித்த கதைக்கு அவள் ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தவள். எட்டாம் வார்டுப் பெரியவருக்காகவா அந்த அழுகை எல்லாம்? இருபத்தோரு வருஷம் காதில் பூச்சுற்றியிருக்கிறாளே, படுபாவி! கோபத்தில் தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். முடித்தபிறகு, இன்னொன்று உறைத்தது.

"அப்ப இந்தப் பெட்டிக்காரி யாரு? அவங்களும் வார்டுல இருந்தவங்களா?"

அவர் காலி டம்ளரைக் கையில் எடுத்து, திரும்பக் கீழே வைத்தார்.

"மூடி நிக்காத பச்சைப் பெட்டி. கயிறு கட்டினது. அது என் மச்சினிச்சி பெட்டி. இவ தங்கச்சி. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. காலைல ஆறு இருபதுக்கு வந்து அந்த பெஞ்சுல உக்காந்தா. என்னை அவ பார்க்கல, நான் இருப்பேன்னு அவளுக்கு ஞாபகமே இல்லபோல. நான்தாம்மா ஆள் விட்டு இவளுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆறு ஐம்பது வண்டிய ஆறு ஐம்பத்தி நாலு வரைக்கும் நிறுத்தி வச்சேன், இவ வந்து சேரட்டும்னு. என் சர்வீஸ்லயே நான் வேணும்னு லேட்டா விட்ட ஒரே வண்டி அதுதான்."

"அக்கா வந்தாங்களா?"

"வீட்டுச் செருப்போட ஓடிவந்தா. இறக்கிட்டா. என்ன பேசினாங்கன்னு கூண்டுக்குள்ள கேக்கல. அப்புறம் அதைப் பத்தி வீட்டுல ஒரு நாளும் பேச்சு கிடையாது. எங்கிட்டயும் அவ வாய் நிறையப் பேசுவா, அத மட்டும் பேச மாட்டா." பிறகு தானாகவே சொன்னார்: "அன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் செருப்பு மாட்டிட்டுத்தான் உக்காந்திருந்தா. எங்கேயோ கிளம்பினா. ஞாயித்துக்கிழமை அவ வாசல் தாண்ட மாட்டா. நான் பின்கட்டுல துணி காயப்போட்டுட்டு வர்றதுக்குள்ள... எங்க கிளம்பினேன்னு கேக்கக்கூட இல்ல நான்."

தங்கையின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நெட்டை வெளியே வந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் இரண்டு பஸ் மாறி அந்தத் தெருவைக் கண்டுபிடித்தாள். வரிசைக் கடைகளுக்கு நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு மெஷின், ஒரு மேஜை, அடுக்கடுக்காய் வெள்ளைத்தாள். உள்ளே நின்றிருந்தவளைப் பார்த்ததும் நெட்டை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே உயரம், அதே நெற்றி. வாய் மட்டும் வேறே, இறுக்கமான வாய்.

"எத்தனை காப்பி?" என்றாள் தங்கை.

"காப்பி இல்லைங்க. நான் உங்க அக்காகூட ஷீட்டு மடிச்சவ."

தங்கை அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நெட்டையா? கேள்விப்பட்டிருக்கேன். உள்ள வாங்கக்கா." ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

நெட்டை இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வருகிறார், சுற்றுவதற்கு நேரமில்லை. மகள் வந்ததிலிருந்து படிக்கட்டில் வைத்த கால்வரை எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவில் இரண்டு பேர் வந்து காப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாலும் காதை இங்கேயே வைத்திருந்தாள்.

"அந்தக் கதைய நான் கிளம்பினேன்னா சொன்னா?"

"ஆமாம். அக்கா அப்படித்தான் எல்லாத்தையும் சொல்லுவாங்க."

"பெஞ்சு, தண்ணிக் குழா, எல்லாம் சொன்னாளா? மூச்சு வருதான்னு கேட்டதுகூடவா? அவ கேக்காமலே நான் எப்பவோ சொன்னதுல ஒண்ணு விடாம வச்சிருக்காளே." தங்கை மெஷின் மூடியைத் தூக்கி, கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. "கால வச்சேன். அவ வந்து மணிக்கட்டைப் பிடிச்சா. வீட்டுக்குப் போ, மானம் போகுது, நாளைக்கு வந்து பேசறேன்னா. இறங்கிட்டேன். அவ்வளவுதாங்க்கா முடிவு."

"மறுநாள் வந்தாங்களா?"

"எட்டு நாள் கழிச்சு வந்தா. அதுக்குள்ள அவன் வேலைக்குப் போகும்போது வெளிப்பக்கம் பூட்ட ஆரம்பிச்சிட்டான். அக்காவுக்கு மட்டும் திறந்துவிடுவான், பக்கத்துலயே நிப்பான். பதினேழு வருஷம். அடிக்கல, உதைக்கல, சாப்பாட்டுக்குக் குறை வைக்கல. பூட்டினான், அவ்வளவுதான். மத்தியான வெயில் எப்படி இருக்கும்னு ஜன்னல்லதான் பார்த்தேன். அப்புறம் அவனும் செத்தான். நான் இதைத் திறந்தேன்."

தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நெட்டைக்குக் கதவோரம் வைத்திருந்த பெட்டி கண்முன் வந்தது.

"அக்கா மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இல்லாம? இறக்கினதுக்குக்கூட இல்ல. அவளுக்கும் அப்ப இருபத்தியேழு வயசுதான், என்ன தெரியும்? ஒரு வார்த்த கேக்கலையே. ஏன்டி கிளம்பினன்னு அன்னிக்குக் கேக்கல. அப்புறமும் கேக்கல. மாசாமாசம் வருவா, இங்க, இதே ஸ்டூல்ல உக்காருவா, ஊருல இருக்கிறவன் பல்லு, கண்ணாடி எல்லாத்தோட கதையும் சொல்லுவா. என் கதைய மட்டும் கேக்க மாட்டா. கேட்டா அவ பண்ணினது என்னன்னு தெரிஞ்சிடும் இல்ல? அந்த பயம் அவளுக்கு."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஆனா போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை போன் பண்ணினா" என்றாள் தங்கை.

நெட்டை நிமிர்ந்தாள்.

"இதே நேரந்தான். எடுத்ததும், சாப்பிட்டியான்னுகூட இல்ல. 'அன்னிக்கு ஏன்டி கிளம்பின?'ன்னா. முப்பத்தோரு வருஷம் கழிச்சு! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இத்தன வருஷம் கேக்காதவ இப்ப எதுக்குக் கேக்கறேன்னு திட்டினேன். 'நம்ம நெட்டைக்கு ஒரு கதை சொல்லிட்டிருக்கேன், முடிவு எனக்குத் தெரியல'ன்னா."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். முக்கால் மணி நேரம் சொன்னேங்க்கா. கடையில ஆளுங்க நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்க. நான் நிறுத்தல. அவ குறுக்க ஒரு வார்த்த பேசல. அவளா! லைனு கட்டாயிடுச்சோன்னு ரெண்டு வாட்டி இருக்கியான்னு கேட்டேன். இருக்கேன், சொல்லுன்னா. முடிச்சேன். அப்புறம், நாளைக்கு நேர்ல வர்றேன்னா." தங்கை உதட்டை ஒரு பக்கமாய்க் கோணிக்கொண்டாள். "நாளைக்கு வர்றேன்னு அவ சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? வர மாட்டான்னுதான் நினைச்சேன். நினைச்சுட்டே தூங்கினேன். மறுநாள் மாமாகிட்டேர்ந்துதான் போன் வந்துச்சு. கிளம்பினாளா, சும்மா சொன்னாளான்னு இனிமே யாரைப் போய்க் கேக்கறது?"

"செருப்பு மாட்டியிருந்தாங்க" என்றாள் நெட்டை.

தங்கை திரும்பினாள்.

"அண்ணன் சொன்னாரு. செருப்பு மாட்டிட்டுத்தான் நாற்காலியில உக்காந்திருந்தாங்களாம். எங்கேயோ கிளம்பினா, எங்கேன்னு தெரியலன்னு நேத்து எங்கிட்ட சொன்னாரு."

தங்கையின் இறுக்கமான வாய் மெல்ல அவிழ்ந்தது. அப்படியே அக்காவின் வாய். "கிளம்பிட்டாளா?" என்றாள். "அப்ப கிளம்பிட்டாளா?" மறுபடி மறுபடி அதையே கேட்டாள். நெட்டை எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலு காப்பி வேண்டும் என்று வந்த ஒரு மனிதர் இரண்டு பெண்கள் அழுவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

நெட்டை வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. திரும்பி வந்த இரண்டு பஸ்ஸிலும் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். யார் கதையெல்லாமோ கேட்க நாலடி நாலடியாக இருபத்தோரு வருஷம் நடந்திருக்கிறாள். சமையலறைவரைக்கும் போய் ஒரு கேள்வி கேட்க இவ்வளவு நாளா? மகள் எப்போது கிளம்புவாள் என்று கேட்டிருக்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள், மாப்பிள்ளை போன் செய்தாரா என்று கேட்டிருக்கிறாள். ஒன்றரை மாதத்தில் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சீ, நானும் ஒரு தாயா என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு வராராம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

நெட்டை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவரு கிடக்காரு. நீ ஏன்டி கிளம்பி வந்த?"

மகளின் கையில் இருந்த துணி நின்றது. மெல்லத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், இது நிஜமாகவே கேட்கிற கேள்விதானா என்பதுபோல. நெட்டை அசையாமல் நின்றாள். மகள் துணியை உதறிக் காயப்போட்டாள், கையைத் துடைத்துக்கொண்டாள், முக்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டாள்.

"உக்காரும்மா" என்றாள். "சொல்ல நேரமாகும்."